டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆகிறீர்களா? முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசர் வேலைக்குப் பெரும்பாலும் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. நன்றாகத் தைக்கிறவர், லீவு போடாதவர், நாலு பேரிடம் பேசத் தெரிந்தவர் என்று ஒருவரைப் பார்த்து, "திங்கட்கிழமையிலிருந்து இந்த லைனை நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஓவர்லாக் மெஷினிலிருந்து எழுந்து வந்தேன். யாரிடம் கேட்பது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நிறைய அல்லாடினேன். அடுத்து வருகிறவர்களாவது அப்படித் திணற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நல்ல டெய்லராக இருந்ததால் உங்களை எடுத்தார்கள். ஆனால் நாளை முதல் உங்கள் வேலை தைப்பது கிடையாது. பதினைந்து இருபது பேருடைய கை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான். பண்டில் (வெட்டிக் கட்டிய துணிக் கட்டு) வரவில்லை, நூல் தீர்ந்தது, மெஷின் ஸ்டிச் விடுகிறது, லேபிள் எங்கே என்று தெரியவில்லை என்றால் டெய்லர் சும்மா உட்கார்ந்திருப்பார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அந்த நேரம் சம்பளத்தில் போகும். அதை நீங்கள் தடுத்தால் மரியாதை தானாக வரும். சத்தம் போட்டு வாங்கும் மரியாதை ஷிப்ட் முடிகிற வரைகூட நிற்காது.

1. சரி என்று சொல்வதற்கு முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

பதவி கொடுக்கும்போது கேள்வி கேட்டால் முதலாளி தப்பாக நினைப்பார் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. கேட்க வேண்டிய நேரமே அதுதான். பொறுப்பை ஏற்றுப் பத்து நாள் போனபின் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

முதலில் பதவி மாற்றக் கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயர், புதிய பதவி, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு சம்பளம், யாருக்குக் கீழே வேலை என்று நான்கு வரி இருந்தால் போதும். பி.எஃப்., கிராஜுவிட்டிக்குப் பழைய சர்வீஸ் தொடர்கிறது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிராஜுவிட்டிக்கான சர்வீஸ் அங்கேயே அறுந்துபோகும்.

அடுத்தது சம்பளக் கணக்கு. சீசனில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் பீஸ் ரேட் டெய்லர், சூப்பர்வைசரைவிட அதிகம் எடுப்பது இங்கே சாதாரணம். அதனால் உங்களுடைய கடந்த மூன்று மாதச் சனிக்கிழமைச் சம்பளத்தை எல்லாம் கூட்டி, மாதச் சராசரி எடுங்கள். அவர்கள் சொல்லும் மாதச் சம்பளத்தை அதோடு ஒப்பிடுங்கள். சூப்பர்வைசருக்குப் பல இடங்களில் ஓவர்டைம் கணக்கே கிடையாது. ராத்திரி எட்டரைக்குப் போனாலும் அதே சம்பளம்தான். இதையும் சேர்த்து யோசியுங்கள்.

இ.எஸ்.ஐ. விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே போய்விடுவீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பிடித்தக் காலம் இருக்கிறது. நடுவில் சம்பளம் கூடினால் அந்தக் காலம் முடிகிற வரைக்கும் பிடித்தம் தொடரும், அதன்பின் நின்றுவிடும். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம் மட்டுமே. 20,000 சம்பளத்துக்கு 150 ரூபாய். அந்த 150 ரூபாயில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. வீட்டில் வயதானவர்களோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், 21,500 சம்பளத்தைவிட 20,800 சம்பளமே உங்களுக்கு லாபமாக இருக்கலாம். அறுநூறு, எழுநூறு ரூபாய் உயர்வுக்காக இதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, அதிகாரம். நான்கு விஷயத்தை நேராகக் கேளுங்கள். லீவு கொடுப்பது யார்? ஆளை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற யாரிடம் கேட்க வேண்டும்? தரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்த எனக்கு உரிமை உண்டா? மெக்கானிக்கை நானே கூப்பிடலாமா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் பொறுப்பை மட்டும் வாங்கினால் திட்டு உங்களுக்கும் முடிவு வேறொருவருக்கும் என்றாகிவிடும்.

கடைசியாக, திரும்பும் வழி. "மூன்று மாதம் பார்க்கிறேன், ஒத்துவரவில்லை என்றால் பழைய ரேட்டில் மெஷினுக்கே போகிறேன்" என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பொறி: "நீங்க பழைய மெஷின்லயே உட்காருங்க, அப்படியே லைனையும் பாத்துக்குங்க" என்பார்கள். ஆள் கிடைக்கிற வரை ஒரு வாரம் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம். குனிந்து தைத்துக்கொண்டிருப்பவருக்கு லைன் தெரியாது.

2. முதல் வாரம்: பாருங்கள், எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

வந்த முதல் நாளே ஆளை மாற்றி உட்கார வைப்பது, டீ நேரத்தைச் சுருக்குவது, போனைப் பிடுங்குவது எல்லாம் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தில் இடது ஓரம் பெயர்களை எழுதி, மேலே ஆபரேஷன்களை, அதாவது தையல் படிகளை எழுதுங்கள்: ஷோல்டர் ஜாயின்ட், நெக் ரிப், ஸ்லீவ் ஏற்றுதல், சைடு, பாட்டம் பேட்லாக் (கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பது), லேபிள். யாருக்கு எது நன்றாக வரும், எது சுமாராக வரும், எது வராது என்று டிக், அரை டிக், கோடு போட்டு நிரப்புங்கள். ஓவர்லாக்கில் இருக்கும் ஒருவருக்கு சிங்கர் மெஷினும் தெரியும் என்பது இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். திங்கட்கிழமை காலையில் மூன்று பேர் வராமல் போகும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த ஒரு பக்கம்தான்.

கூடவே ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். மெஷினிலேயே, வேலை நிற்காமல் பேசலாம். "வேலையில உங்களுக்கு எது தொந்தரவா இருக்குதுங்க?" என்ற ஒரே கேள்வி போதும். லைட் சரியில்லை, ஃபேன் காற்று வரவில்லை, ஸ்டூல் உயரம் பத்தவில்லை, பண்டில் எடுக்க எழுந்து போக வேண்டியிருக்கிறது என்று சின்னச் சின்னதாக வரும். அதில் காசு செலவில்லாத இரண்டை அந்த வாரத்துக்குள் முடித்துக் கொடுங்கள். சொன்னால் நடக்கிறது என்று லைனுக்குத் தெரிய வேண்டும்.

கூப்பிடும் முறையை மாற்றாதீர்கள். நேற்றுவரை அக்கா, அண்ணா என்று கூப்பிட்டவர்களை இன்றும் அப்படியே கூப்பிடுங்கள். வயதில் சின்னவர்களிடமும் "ங்க" போட்டுப் பேசுவது கொங்குப் பக்கத்து வழக்கம். பதவி வந்ததும் அதை விடுகிறவர்களை லைன் மறக்காது. அதே சமயம் பழைய கூட்டாளிகளோடு மட்டும் டீக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எளிதான ஆபரேஷனை அவருக்குக் கொடுத்தால், திறமைக்குக் கொடுத்தீர்களா பழக்கத்துக்குக் கொடுத்தீர்களா என்று மற்றவர்கள் பேசுவார்கள். நண்பரிடமே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

இந்தப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்த ஒருவர் அநேகமாக உங்கள் லைனிலேயே இருப்பார். முதல் வாரத்திலேயே அவரிடம் போய், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் உண்மையாகவே யோசனை கேளுங்கள். தள்ளிப்போட்டால் அவர் தனிக் கூட்டமாகிவிடுவார்.

3. தினமும் கையில் இருக்க வேண்டியவை

புதிய ஸ்டைல் லைனுக்கு வருவதற்கு முந்தைய நாளே இவற்றை வாங்கி வையுங்கள்: அப்ரூவ்டு சாம்பிள் (ஒப்புதல் கிடைத்த மாதிரி பீஸ்), ஸ்பெக் ஷீட் (அளவுத் தாள்), டிரிம் கார்டு (நூல், லேபிள் போன்றவற்றின் மாதிரி அட்டை), ஆபரேஷன் புல்லட்டின் (தையல் படிகளும் அவற்றுக்கான நிமிடங்களும் உள்ள தாள்). சாம்பிளைக் கையில் பிடித்துப் பார்க்காமல் ஒரு பீஸ்கூடத் தைக்க விடாதீர்கள். ஸ்பெக்கில் ஒன்றும் சாம்பிளில் ஒன்றும் இருப்பது அடிக்கடி நடக்கும். அப்படி இருந்தால் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப் செய்தி போதும், ஆனால் வாய்ப்பேச்சு போதாது. பின்னால் பையர் (ஆர்டர் கொடுத்தவர்) திருப்பி அனுப்பும்போது "நான் அப்படிச் சொல்லலையே" என்று யாரும் சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும்.

முதல் பீஸ் தைத்ததும் அளவெடுத்து, குவாலிட்டியில் கையெழுத்து வாங்கி, அந்த பீஸை லைனின் தலையில் தொங்கவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். இந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காமல் நானூறு பீஸ் ஓட்டிவிட்டு ஆல்டருக்கு (திருத்தித் தைக்க) பிரிப்பது எவ்வளவு கொடுமை என்று தைத்தவர்களுக்குத் தெரியும்.

பண்டில் டிக்கெட்டைக் கழற்ற விடாதீர்கள். பனியன் துணியில் ஒரே கலர் என்றாலும் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். ஒரு பண்டிலின் முன்பக்கமும் வேறு பண்டிலின் கையும் சேர்ந்துவிட்டால், டேபிளில் தெரியாது, வெயிலில் பார்த்தால் தெரியும். அதற்கு ஆல்டரும் கிடையாது, டேமேஜ்தான்.

ஊசி உடைந்தால் எழுதும் ரெஜிஸ்டர் இன்னொன்று. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, மெஷின் நம்பர், நேரம், டெய்லர் பெயர் எழுதிய பின்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினில் இருந்த பீஸ்களைத் தனியாக ஒதுக்கி மெட்டல் டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகள் உடுப்பில் ஒரு ஊசி முனை போனால் என்ன ஆகும் என்று ஒரு முறை லைனுக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள். ஊசி உடைத்ததற்காக யாரையும் திட்டினால் மட்டும் ஒளித்து வைப்பார்கள்.

4. கணக்குத் தெரியாமல் லைன் ஓட்டாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பகுதி. ஆனால் பதவியை நிலைக்க வைப்பது இதுதான்.

எஸ்.ஏ.எம். என்பது ஒரு பீஸ் தைக்க வேண்டிய நிமிடம். ஆபரேஷன் புல்லட்டினில் இருக்கும். ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லைனில் 15 மெஷின், எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். மொத்தம் 15 × 480 = 7,200 நிமிடம். அன்று 450 பீஸ் வெளியே வந்தால், 450 × 8 = 3,600. அதை 7,200-ஆல் வகுத்தால் 50 சதவீதம். இதுதான் லைனின் எஃபிஷியன்சி.

"இன்னிக்கு எழுநூறு வேணும்" என்று மேலே இருந்து வந்தால் இந்தக் கணக்கை வைத்துப் பேசுங்கள். 700 × 8 = 5,600 நிமிடம். கிட்டத்தட்ட 78 சதவீதம். நேற்று 50-இல் ஓடிய லைன் இன்று 78-க்குப் போகாது. "நெக் ரிப்புக்கு இன்னொரு ஆள் கொடுத்தால் 550 வரும்" என்று நீங்கள் சொன்னால், அது பேச்சுவார்த்தை. "முடியாதுங்க சார்" என்று மட்டும் சொன்னால், அது சாக்கு.

அடுத்தது எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஷோல்டர் ஜாயின்ட்டில் மணிக்கு 120 பீஸ் வருகிறது, நெக் ரிப்பில் 60 வருகிறது, பாட்டத்தில் 100 போகும் என்றால், லைனில் வெளியே வருவது 60-தான். ஷோல்டர் டெய்லரை விரட்டினால் நெக் மெஷினுக்கு முன்னால் குவியல் பெரிதாகும், அவ்வளவுதான். குவியல் எங்கே இருக்கிறதோ அதற்கு அடுத்த மெஷின்தான் அடைப்பு. அங்கே இரண்டாவது ஆள் போடுங்கள், இல்லையென்றால் கைமடி (உதவி) ஆளை வைத்து ரிப்பைக் கால் பங்கு குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நீங்கள் டிக் போட்ட நோட்டு இங்கே உதவும்.

பதினைந்து நிமிடம் லைன் நின்றால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 15 மெஷின் × 15 நிமிடம் = 225 நிமிடம். 50 சதவீத லைனில் அது 14 பீஸ். ஒரு நாளில் நான்கு தடவை நூலுக்கும் லேபிளுக்கும் நின்றால் 56 பீஸ் போயிற்று. ஸ்டோரில் முந்தைய நாளே போய் நூல் கோன் எண்ணி வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

நேரம் அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். பல கம்பெனிகளில் புரொடக்ஷன் ஃப்ளோரில் போன் எடுக்கக் கூடாது. அளக்கப் போகும்போது டெய்லரிடம் சொல்லிவிட்டு அளங்கள். சொல்லாமல் பின்னால் நின்று அளந்தால், ரேட் குறைக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பயத்துக்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது.

5. ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

காலை எட்டரைக்கு லைன் ஓட வேண்டும் என்றால் எட்டு மணிக்கு நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். பண்டில், நூல், டிரிம், மெஷின் என்ற நான்கையும் பார்த்துவிடுங்கள். எட்டரைக்கு இரண்டு நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்து, இன்று என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், நேற்று என்ன தப்பு அதிகம் வந்தது என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான், பத்து நிமிடப் பிரசங்கம் வேண்டாம்.

மணிக்கு ஒரு முறை ஹவர்லி போர்டில் எழுதுங்கள். பீஸ் குறைந்தால் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: "10–11: பேட்லாக் ரிப்பேர், 20 நிமிடம்". மாலையில் மேனேஜர் கேட்கும்போது உங்கள் நினைவைத் தேட வேண்டியதில்லை. ஒரு வாரப் போர்டைச் சேர்த்துப் பார்த்தால் எந்த மெஷின் உங்களைக் கொல்கிறது என்று தெரிந்துவிடும். அதைக் காட்டி மெஷினை மாற்றிக் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு சுற்று ஆட்களுக்காக மட்டும் போங்கள். பீஸைப் பற்றி பேசாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் சொன்னால் நாளைக்கு அவர் வர மாட்டார் என்று இன்றே தெரிந்துவிடுகிறது. கேட்டதும் "சரிங்க, பாத்துக்கலாம், டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மாற்று ஆளை யோசியுங்கள்.

6. கற்றுக்கொடுப்பது எப்படி

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ" என்பதுதான் இங்கே வழக்கமான பயிற்சி. பார்த்து மட்டும் யாருக்கும் கை வராது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து ஆலைகளில் புழங்கும் நான்கு படி முறை ஒன்று உண்டு. நான் பார்த்தவரை இதைவிட நன்றாக வேலை செய்வது எதுவும் இல்லை.

முதல் படி, ஆளைத் தயார் செய்வது. என்ன தெரியும் என்று கேளுங்கள், பயத்தைப் போக்குங்கள். இரண்டாவது, செய்து காட்டுவது. மூன்று தடவை காட்டுங்கள்: முதல் தடவை என்ன செய்கிறோம் என்று சொல்லி, இரண்டாம் தடவை எங்கே கவனம் வேண்டும் என்று சொல்லி, மூன்றாம் தடவை ஏன் அப்படி என்று சொல்லி. நெக் ரிப் என்றால், ரிப்பையும் கழுத்தையும் நான்காகக் குறித்துப் பொருத்த வேண்டும், ரிப்பை மட்டும் சமமாக இழுக்க வேண்டும், ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது படி, அவரைச் செய்ய வைத்து, செய்துகொண்டே காரணத்தையும் சொல்ல வைப்பது. வாயால் சொல்ல முடியாதவர் நீங்கள் நகர்ந்ததும் பழையபடி தைப்பார். நான்காவது, தனியாக விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது. முதல் நாள் அரை மணிக்கு ஒரு முறை, அப்புறம் மெதுவாகக் குறைக்கலாம்.

ஒருவருக்குப் புது ஆபரேஷன் கொடுத்த முதல் இரண்டு நாள் டார்கெட் சொல்லாதீர்கள். பீஸ் ரேட் ஆளாக இருந்தால் அந்த இரண்டு நாளுக்கும் ஷிப்ட் சம்பளம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ஆளை மாற்றினால், அடுத்த முறை மாற்றச் சொல்லும்போது யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

7. தப்பு வந்தால்

பீஸில் தப்பு வந்தால் முதலில் மெஷினைப் பாருங்கள், அப்புறம் துணியை, அப்புறம் சொல்லிக்கொடுத்த விதத்தை. கடைசியில்தான் ஆள். ஸ்டிச் விடுவதும் துணியில் ஊசி ஓட்டை விழுவதும் பெரும்பாலும் ஊசி தேய்ந்ததால், இல்லை நம்பர் மாறியதால் வருகிறவை. பத்து ரூபாய் ஊசிக்காக ஒரு மனுஷியை எல்லோர் முன்னாலும் அழ வைத்த சூப்பர்வைசர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த லைன்களில் ஆள் நிற்பதில்லை.

ஆளுடைய தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால், தப்பான பீஸையும் சரியான பீஸையும் பக்கத்தில் வைத்துத் தனியாகக் காட்டுங்கள். பேசுவது பீஸைப் பற்றி இருக்கட்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. பாராட்டுவதை மட்டும் எல்லோர் காதிலும் விழும்படி செய்யுங்கள்.

கடைசி இன்ஸ்பெக்ஷன் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பையர்கள் அதிகம் கேட்பது ஏ.க்யூ.எல். 2.5 (ஏ.க்யூ.எல். என்பது எத்தனை தப்பு வரை லாட்டை ஏற்கலாம் என்ற வரம்பு). ஆயிரம் பீஸ் உள்ள லாட்டில் வழக்கமான நிலையில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்து தப்பு வரை பாஸ், ஆறு வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். மறுபடி ஆயிரத்தையும் திறந்து செக்கிங். இந்த எண்களை லைனிடம் சொல்லுங்கள். "குவாலிட்டி பாருங்க, குவாலிட்டி பாருங்க" என்று கத்துவதைவிட இது நன்றாக ஏறும்.

8. மொழி தெரியாதவர்கள் இருந்தால்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே லைனில் இருப்பார்கள். பேசிப் புரிய வைப்பதைவிட பீஸைக் காட்டிப் புரிய வையுங்கள்: ஒரு போர்டில் சரி, தப்பு என்று இரண்டு சாம்பிள் குத்தி வையுங்கள். எண்களும் பத்துப் பதினைந்து இந்தி வார்த்தைகளும் ஒரு வாரத்தில் வந்துவிடும். "ஏ பையா" என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் ஊருக்குப் போவது துர்கா பூஜை, சத் பூஜை, ஹோலி சமயங்களில். டிரெயின் டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்பே போட வேண்டியிருக்கும். ஆகவே லீவு பேச்சை அப்போதே முடித்து எழுதி வைத்துவிடுங்கள். கடைசி நாளில் மறுத்தால் சொல்லாமல் போய்விடுவார்கள். போனவர் திரும்பியும் வர மாட்டார்.

9. கையெழுத்துப் போடுவதற்கு முன்

வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சட்டப்படி சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். வருகைப் பதிவிலோ ஓவர்டைம் தாளிலோ நீங்கள் கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ஆடிட்டுக்காக வேறு நேரம் எழுதிய தாள் வந்தால், "இதுல நான் போட முடியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள். விசாரணை வந்தால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான். ஓவர்டைம் வேண்டும் என்றால் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்களிடம் ஆறு மணிக்குப் போய் "இன்னிக்கு எட்டரை" என்று சொல்வது நியாயமில்லை.

பாலியல் தொந்தரவுப் புகார் உங்களிடம் முதலில் வரலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. உங்கள் வேலை, அந்தப் பெண்ணைக் குழுவிடம் சேர்ப்பதும் விஷயத்தை வெளியே பேசாமல் இருப்பதும்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது பஞ்சாயத்துப் பேசுகிற விஷயம் கிடையாது. குழுவின் உறுப்பினர்கள் யார் என்று நோட்டிஸ் போர்டில் பார்த்து இன்றே குறித்து வையுங்கள். குழு இல்லையென்றால் மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.

10. பயிற்சியும் செலவும்

கம்பெனியிடம் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு, அதனால் கேட்டால் கிடைப்பதும் உண்டு. கோவையில் சிட்ரா (ஜவுளி ஆராய்ச்சி நிலையம்), திருப்பூர் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி ஆகிய இடங்களில் குறுகிய காலப் பயிற்சிகள் பற்றி விசாரிக்கலாம். போகிற நாளுக்குச் சம்பளம் உண்டா, கட்டணம் யார் கட்டுவது என்று போகும் முன்பே பேசிவிடுங்கள். "பயிற்சி முடித்து இரண்டு வருஷம் வேறெங்கும் போகக் கூடாது" என்று பாண்டு கேட்டால் நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொந்தமாகப் படிக்க என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் இருக்கிறது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். தலைமைப் பண்பு, குழு வேலை, ஆடை உற்பத்தி எல்லாவற்றுக்கும் பாடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் இருந்தாலும் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் உங்கள் தலையில் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் தலைவராக்குகிறேன் என்று ஹோட்டல் ஹாலில் நடத்தும் வகுப்புகளுக்குச் சொந்தக் காசைப் போடாதீர்கள். அதைவிட, பக்கத்து லைனில் ஆட்களை நிலைக்க வைக்கிற ஒரு மூத்த சூப்பர்வைசரிடம் வாரத்துக்கு ஒரு முறை டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

11. மூன்றாவது மாத முடிவில்

ஹவர்லி போர்டு எண்களை வாரவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள்: எஃபிஷியன்சி, ஆல்டர் எண்ணிக்கை, வராத ஆட்கள், வேலையை விட்டு நின்றவர்கள். கடைசி இரண்டும் உங்கள் நடத்தையைக் காட்டும் எண்கள். பீஸ் கூடியிருந்தும் ஆட்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தால் எங்கோ அழுத்துகிறீர்கள் என்று பொருள். போனவர்களில் இரண்டு பேருக்கு போன் செய்து உண்மையான காரணத்தைக் கேளுங்கள். கம்பெனியை விட்டுப் போனவர்கள் மறைக்க மாட்டார்கள்.

அந்தத் தாளோடு மேனேஜரிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்று சம்பளக் கணக்கில் இருப்பார்கள். ஷிப்மென்ட் போன மறுநாள் நல்ல நாள். எண்களைக் காட்டி, முதலில் பேசிய சம்பளம், அதிகாரம், பயிற்சி ஆகியவற்றில் எது இன்னும் வரவில்லை என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டதை அன்று மாலையே வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். இன்னொரு லைனையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், இந்த லைனில் நீங்கள் இல்லாத ஒரு நாளை ஓட்டக்கூடிய ஆள் தயாராக இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் கேட்டு வாங்கி, அந்த ஆளை முதலில் தயார் செய்யுங்கள்.